ஒரு வருசத்துத் தூள்

பல் டாக்டர் தீர்த்தகிரிக்கு ஊரில் பெரிய பேர், அதைவிடப் பெரிய வாய். பழைய வெள்ளி அடைப்பைப் பல்லிலிருந்து சுரண்டினால், பாதரச விஷம் கலந்த அந்தத் தூளைப் பாட்டிலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். அவரோ வாஷ்பேசினில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார். ஆயா செல்லத்தாய் ஒருமுறை கேட்டதற்கு, "தொடைக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

ஒருநாள் காலையில், சோதனைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவதாகப் போன் வந்தது. டாக்டர் வெறும் பாட்டிலைச் செல்லத்தாயிடம் நீட்டினார்.

"ஒரு மணி நேரத்துல இதுல ஒரு வருசத்துத் தூள் இருக்கணும். இல்லேன்னா இன்னையோட வேலையவிட்டு நின்னுக்கோ."

"சரிங்கய்யா" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"இங்க ஒரு பொட்டுத் தூள்கூட வெளிய போகாது சார். செல்லத்தாயி, அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வா!" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

வந்த பாட்டிலில் பாதிவரை கறுத்த சேறு. அதற்குள் தலைமுடி, பல் துணுக்கு, மினுமினுக்கும் வெள்ளித் தூள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ஐயா ஒரு வருசத்துத் தூள் கேட்டாங்க சார். வாஷ்பேசினுக்குக் கீழ வளைஞ்ச குழாயைக் கழட்டினேன். அங்கதான் சேந்து கெடந்துச்சு."

டாக்டருக்கு முகம் வெளுத்தது. அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாதிதானே இருக்கு. மிச்சம் எங்க?"

செல்லத்தாய் ஜன்னலைத் திறந்தாள். பின்னால் அந்தக் குழாய் போய் விழும் கழிவுநீர்க் குழி, அதை ஒட்டி அவள் தெருக் கிணறு. இரண்டு பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சத்தை நாங்க குடிச்சுட்டோம் சார்."