காற்புள்ளி இல்லாத மெயில்

குன்றடி ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். சீடர் தில்லைநாயகம் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவம்மா அவரைப் "பேராசிரியரே" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கேலியும் இருக்கும்.

ஆசிரமத்துக்கு வரும் ஆங்கில மெயில்களைப் படித்துப் பதில் போடுவது தில்லைநாயகத்தின் பொறுப்பு. மனிதர் நல்லவர். பொய் சொல்ல மாட்டார், கோள் மூட்ட மாட்டார். ஆனால் ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே யாராவது காற்புள்ளி போட்டுவிட்டால், பந்திக்குக் குறுக்கே ஆள் படுத்துக்கொண்ட மாதிரி பதறிப்போவார். சமையலறையில் ஊறுகாய் பாட்டிலின் லேபிளைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்தி வைத்திருந்தார். ஊறுகாய் பழைய ருசியில்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் கையில் ஒரு தாளோடு குருவம்மாவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு அனுமதி வேணும்."

"சொல்லுங்க பேராசிரியரே."

"நம்ம வெப்சைட்ல ஒரு பக்கம் போடலாம்னு இருக்கேன். நமக்கு எழுதறவங்க காற்புள்ளியை எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு எளிமையா சொல்லிக் கொடுத்துடலாம்."

"வைக்காட்டி என்ன ஆகும்?"

"படிக்கவே முடியலையேம்மா! இதைப் பாருங்க. மலேசியாவுல ஈப்போவிலிருந்து கோவிந்தராஜுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். ஒரு காற்புள்ளி, ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனுஷன் போலிருக்கு. நேத்திலிருந்து திருத்திக்கிட்டே இருக்கேன்."

குருவம்மா தாளை வாங்கிப் பார்த்தார். அம்மை போட்ட உடம்பு மாதிரி அது முழுக்கச் சிவந்து கிடந்தது.

"வாசிங்க."

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, வகுப்பில் படிப்பதுபோல அழகாகப் படித்தார்.

"இது நீங்க எழுதினது. அவர் எழுதினதை வாசிங்க."

"புரியலையேம்மா."

"சிவப்பை விட்டுடுங்க. அவர் நிறுத்தாத இடத்துல நீங்களும் நிறுத்தாதீங்க."

தில்லைநாயகம் மறுபடி ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அம்மா நான் கோவிந்தராஜு ஈப்போவில் இருந்து போன வருஷம் மனைவி தேவகியோடு வந்திருந்தேன் அவளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தீர்கள் இன்று விடிகாலை தேவகியை நெஞ்சு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள் நாலு மணி நேரம் என்றார்கள் அது தாண்டிவிட்டது ஒருத்தரும் வெளியே வரவில்லை மகளுக்குப் பரீட்சை அவளிடம் சொல்லக் கூடாது என்று தேவகி சத்தியம் வாங்கிவிட்டாள் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை ஏதாவது சொல்லுங்கள்"

பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தக் கூடாதே என்று இழுத்துப் பிடித்துப் படித்தார். கடைசி வார்த்தை வந்தபோது குரல் உடைந்துவிட்டது. தேவகி என்ற பெயரின் இரண்டு பக்கமும் நேற்றே சரியாகக் காற்புள்ளி போட்டிருந்தார். அவள் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தது இப்போதுதான் அவர் மனசில் உறைத்தது.

"எப்ப வந்தது இது?"

"நேத்து காலையில."

"பதில்?"

"திருத்தி முடிக்கலைம்மா."

குருவம்மா போனை அவர் பக்கம் நகர்த்தினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தில்லைநாயகத்துக்கு.

"நம்பர் இருக்கா?"

"கீழ போட்டிருக்கார்."

தில்லைநாயகமே போனை எடுத்து அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது.

"எடுக்கலையேம்மா."

"திரும்ப அடிங்க."

தெய்வமே அந்தப் பெண் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி அழுத்தினார். நிற்கப் போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள். அவர் ஸ்பீக்கரைப் போட்டுக் குருவம்மாவின் முன்னால் வைத்தார்.

"கோவிந்தராஜு, குன்றடியிலிருந்து அம்மா பேசறேன்."

"அம்மாவா நீங்களா பேசறீங்க நேத்து சாயந்திரம்தான் டாக்டர் வெளிய வந்தாரு ரத்தம் நிக்கலைன்னாரு திரும்ப உள்ள ஓடினாரு எனக்கு ஒண்ணும் ஓடலை சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்"

"ம்."

எதிர்முனையில் அந்த மனிதர் பேச்சை நிறுத்தினார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அப்புறம் ஒரு வழியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. ராத்திரி கண்ணாடி வழியா காட்டுனாங்க, மூக்குல வாயில எல்லாம் குழாய், அவளா இல்ல வேற யாராவதான்னே தெரியலை."

"ம்."

"இன்னிக்குக் குழாயை எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சிட்டாம்மா."

"ம்."

"நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்காங்க. அவ என்னைப் பார்த்து, நீங்க பசியாறிட்டீங்களான்னு கேக்குறா."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். குருவம்மாவும் சிரித்தார்.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் தில்லைநாயகம். முகம் தெரியாத ஒரு பெண் பிழைத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"யாரும்மா பக்கத்துல?"

"எங்க பேராசிரியர். உங்க மெயிலைப் படிச்சவர்."

"ஐயாங்களா? பதற்றத்துல என்னத்தையோ எழுதிட்டேன். தப்புத் தப்பா இருந்திருக்கும். மன்னிச்சுக்குங்க."

தில்லைநாயகம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒரு தப்பும் இல்லீங்க. முதல்ல போய்ப் பசியாறுங்க."

போன் பேசி முடிந்தது. தில்லைநாயகம்தான் ஆரம்பித்தார்.

"அந்த வெப்சைட் பக்கம் வேண்டாம்மா."

"ஏன்? எழுதுங்க. காற்புள்ளி நல்லதுதானே."

"எங்க வைக்கணும்னு எனக்கே இப்பத் தெரியலை."

"அவர் பேசினப்ப நான் 'ம்' சொன்னேனே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். எல்லா இடத்துலயும் சொல்லலை."

"சொல்லியிருந்தா?"

"அவரைப் பேசவே விட்டிருக்க மாட்டீங்க."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

தில்லைநாயகம் யோசித்தார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவர் சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"லைன்ல ஆளே இல்லைன்னு பயந்துபோயிருப்பார்" என்றார் குருவம்மா.