நாலு நாள் பிரிந்திருந்த பசை

இதை எனக்கு முதலில் சொன்னவர் கஸ்பார் அண்ணன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது சொன்னார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. பிழை இருந்தால் அது என்னுடையது.

"டீச்சர், நீங்க சொன்னது பொய்."

அண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தாராம்.

டீச்சர் என்றால் நசீமா. தூத்துக்குடியில் கடலோரமாக இருக்கிற ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், தண்ணீருக்கு அடியிலும் ஒட்டுகிற பசை செய்கிறவர். அண்ணனைவிடப் பதினைந்து வயது சின்னவர். அண்ணன் கடலில் மூழ்கிப் படகு விரிசலை அடைக்கிறவர். ஐம்பது வயதில் பசை வேலை கற்றுக்கொள்ள அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஏன் போனார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

தம்பி ரெனால்டின் படகில் இவர் அடைத்த விரிசல் நடுக்கடலில் விட்டுவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரைக்கு வந்த தம்பி நாலு பேர் முன்னால், "உன்னை நம்பித்தானே கடலுக்குப் போனேன்" என்று சொல்லிவிட்டான்.

"அப்போ இனிமே எனக்குத் தம்பின்னு எவனும் இல்ல" என்று இவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு அப்போது ஏழு வருஷம். இவர் இருப்பது மூன்றாம் தெரு, அவன் இருப்பது ஆறாம் தெரு. பேச்சு இல்லை. கோபம் அடங்கினால் உறவு தானாகச் சேரும் என்று இருந்தார். எதற்கும் விடாத பசை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நிற்க வேண்டும் என்றும் மனசில் இருந்தது.

"என்ன பொய்ண்ணே?" என்றார் டீச்சர்.

"வெட்டினாலும் மறுபடி சேரும்னீங்க. சேரல."

மேஜைமேல் இரண்டு துண்டு வைத்தார். அல்வா மாதிரி மெத்தென்ற பசை.

"எப்ப வெட்டுனீங்க?"

"திங்கக்கிழமை. இன்னைக்கு வெள்ளி. ஆனா ஒரு தூசி படவிடல டீச்சர். ஒண்ணு ஒரு டப்பா, இன்னொண்ணு இன்னொரு டப்பா. அடியில பஞ்சு, மேல துணி."

"பிள்ளை பெத்தவகூட இப்படிச் சுத்தி வைக்க மாட்டா."

அண்ணன் சிரிக்கவில்லை.

டீச்சர் புதுத் துண்டு ஒன்றை எடுத்தார். கடல் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து வெட்டினார். வெட்டின கையோடு சேர்த்து அழுத்தினார்.

"நூறு எண்ணுங்கண்ணே."

எண்ணினார். டீச்சர் அதில் ஒரு இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டார். ஒட்டு விடவில்லை.

"அப்போ நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"வெட்டின முகத்துல கண்ணுக்குத் தெரியாத கை ஆயிரம் இருக்குண்ணே. முரட்டுக் கை இல்ல. லேசாப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வெட்டினதும் எல்லாம் அந்தப் பக்கத்துக் கையைத்தான் தேடும்."

"தேடி?"

"அது வரலைன்னா, தன் பக்கத்துல இருக்கிற கையையே பிடிச்சுக்கும். எவ்வளவு நேரம்தான் சும்மா நீட்டிக்கிட்டே இருக்கும்?"

அண்ணன் டப்பா இரண்டையும் பார்த்தார்.

"அரை நாள் லீவு வேணும் டீச்சர்."

நேரே ஆறாம் தெருவுக்குப் போனார்.

கதவைத் திறந்த ரெனால்டு, "வாங்க" என்றான்.

முன்பெல்லாம், "வாண்ணே, சாப்டியா?" என்பான்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடித் தம்ளரில்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது ரெனால்டு."

"அதெல்லாம் பழசுங்க. மனசுல ஒண்ணும் இல்ல."

முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்று வழியனுப்பினான்.

திங்கள் காலை டீச்சர் கேட்டார். "போனீங்களா?"

"போனேன். டீ குடுத்தான்."

"அப்புறம்?"

"மரியாதை குடுத்தான்."

அண்ணனே சொன்னார்.

"ஒரு தடவை அவன் வந்தான் டீச்சர். கோயில் திருவிழாவுல, சப்பரத்துக்குப் பின்னால நடக்கும்போது. தோள் உரசுற தூரத்துல வந்து நின்னான். நான் மாதா முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"அது எப்ப?"

"சண்டை நடந்த பத்தாம் நாள்."

டீச்சர் எழுந்து போய் அந்த இரண்டு டப்பாவையும் திறந்தார். துண்டுகளை வெட்டுமுகத்தோடு வெட்டுமுகம் சேர்த்து, தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தை அடுப்பில் ஏற்றினார். சின்னச் சூடு.

"இனிமே சேருமா?"

"சூட்டுல, தனக்குத்தானே பிடிச்ச கையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா விடும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாதுண்ணே. இங்க யாரும் இத்தனை நாள் விட்டுவச்சதில்ல."

அண்ணன் கிண்ணத்தில் கை வைக்கப் போனார்.

"எடுத்து எடுத்துப் பாக்காதீங்க" என்றார் டீச்சர்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஆறாம் தெருவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறார். இன்றைக்கும் "வாங்க"தான். போன ஞாயிறு என்னைப் பார்த்தபோது, "இந்தத் தடவை கண்ணாடித் தம்ளர் இல்லம்மா, வீட்டுச் சில்வர் தம்ளர்" என்றார்.

இன்றைக்கு ஜெபமாலை சொல்கிறபோது, ஒரு மணியில் ரெனால்டு என்ற பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.