முன்தண்டுக்காரரின் பத்தியம்

வடமலைக்கு வயது அறுபத்தொன்று. சித்த வைத்தியர் பூங்கோதைக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் சிஷ்யர் வடமலைதான். நோயாளி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

“வைத்தியம் கத்துக்கப் போறேன்டா” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது முழங்காலில் தைல வாசனை தூக்கும்.

எங்கள் பெருமாள் கோயிலில் சாமி தூக்கும் பதினாறு பேரில் முன்தண்டின் வலப்பக்கம் அவருடையது. இருபத்தெட்டு வருஷமாக. அவர் காலெடுத்து வைத்தால்தான் நாங்கள் வைப்போம். பின்தண்டில் இருக்கிற எனக்கு அவருடைய பிடரிதான் வழி.

கருட சேவைக்கு மூன்று மாதம் இருந்தபோது அந்தக் கால் மடங்க மறுத்தது. மூட்டுவாதம். ‘இந்த வருஷம் வேற ஆளைப் போடலாமா’ என்று கோயிலில் பேச்சு எழுந்தது. அவர் மட்டுமா, நாங்களும் கொதித்துப் போனோம்.

“குருவே, ஏதாவது லேகியம் கொடுங்க. நான் தோளை விட மாட்டேன்.”

“ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீங்க. நான் சாப்பாட்டை மாத்துறேன். எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை வேண்டாம். கீரை, கொள்ளு, முடக்கத்தான் சேர்த்துக்குங்க.”

“வலி போயிடுமா?”

“குறையும். தேஞ்சது முளைக்காது.”

ஒரு மாதம் கழித்து வடமலை வைத்தியரிடம் கோபமாகப் போனார்.

“கீரையா தின்னு தீர்த்துட்டேன். ஒண்ணும் குறையல!”

“கீரையை எப்படிச் சாப்பிட்டீங்க?”

“வடையில.”

“முடக்கத்தான்?”

“தோசையா. நல்லா எண்ணெய் விட்டு, மொறுமொறுன்னு.”

“சர்க்கரை?”

“டீயில மட்டும்தான் குருவே.”

“எத்தனை டீ?”

வடமலை கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் எங்களுக்கு ஒத்திகை. சாமிக்குப் பதிலாகப் பலகையில் மணல் மூட்டைகள். பூங்கோதை வந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்த நாலு பேரையும் ஏறச் சொன்னார்.

“ம், தூக்குங்க.”

தூக்கினோம். வடமலையின் முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன்.

“கஷ்டமா இருந்தா இன்னும் ரெண்டு பேரைத் தோள் கொடுக்கச் சொல்லுங்க” என்றார் பூங்கோதை மேலேயிருந்து.

“ஆளைக் கூட்டி என்ன பண்றது? ஏறினவங்க முதல்ல இறங்குங்கம்மா!” என்று கத்தினார் வடமலை.

பூங்கோதை இறங்கினார். வடமலையின் தொப்பையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். போய்விட்டார்.

வடமலை தண்டைத் தோளில் வைத்தபடியே நின்றார். மறுநாள் டீக்கடையில் வடைத் தட்டு அவர் பக்கம் வந்தது. தள்ளிவிட்டார். டீயும் சர்க்கரை இல்லாமல்தான். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

இரண்டு மாதத்தில் வேட்டியை இழுத்துக் கட்டும்படி ஆனது. காலையில் கால் மடங்கியது. வலி பாதியாகிவிட்டது என்றார்.

கருட சேவையன்று நாலு வீதியும் நடந்தோம். என் கண்ணுக்கு முன்னால் அதே பிடரி. ஒரு அடி பிசகவில்லை. பேசினவர்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சு, சொல்லக் கூச்சமில்லை.

மறுநாள் சர்க்கரைப் பொங்கல் தூக்கோடு வைத்தியரிடம் கிளம்பினார். நானும் கூடப் போனேன். இந்த முறை வடமலை தலை நிமிர்ந்தே நுழைந்தார்.

“குருவே, சாமி உள்ளே போயிட்டார். ஒரு அடி தப்பல!”

“பார்த்தேன். ஊரே பார்த்தது. எனக்குப் பெருமையா இருந்தது.”

“அப்போ பத்தியத்தை இன்னைக்கே முறிச்சுடலாமா?”

பூங்கோதை தூக்கைத் திறந்தார். ஒரு வாய்ப் பொங்கல் எடுத்து அவர் கையில் வைத்தார். தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு தூக்கை மூடி என் கையில் கொடுத்தார்.

“பெருமாளை வருஷத்துக்கு ஒரு நாள் தூக்குறீங்க ஐயா. வடமலையைத் தினமும் யாரு தூக்குறது?”