வணக்கம் வைக்காத மாத்திரை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாலும் வீரபெருமாள் பேரூராட்சித் தலைவர்தான். மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ் மரியபுஷ்பம், எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் பேரும் வயசும் கேட்டாள்.

"ஊருக்கே என்னைத் தெரியும். என்கிட்டயே பேர் கேக்கிறியா? உன்னை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிருவேன்."

"அடிங்க ஐயா. அங்கேயும் பேர் கேட்டுத்தான் குடுப்பேன்."

அவள் தட்டை அவர் முன்னால் நீட்டினாள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் வார்டு முழுவதற்குமான மாத்திரைகள், எல்லாமே வெள்ளை.

"ஊருக்கே உங்களைத் தெரியும். மாத்திரைக்கும் தெரிஞ்சிருந்தா, உங்களுது தானா எந்திரிச்சு வரட்டும்."

தலைவர் தட்டை முறைத்தார். ஒரு மாத்திரையும் எழுந்து வணக்கம் வைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் சிரித்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேரைச் சொன்னார். வயசையும் குறைக்காமல் சொன்னார்.