கிளீட்டஸ் மாஸ்டர் வாய் மூடி நின்ற ஞாயிறு

கடற்கரை ஊர் ஒன்றின் கத்தோலிக்கக் கோயிலில் கிளீட்டஸ் என்பவர் பாடகர் குழுவை நடத்திவந்தார். ஊருக்கு அவர் மாஸ்டர். அந்த மாஸ்டருக்கும் ஒரு குரு உண்டு: பக்கத்து மடத்து சிஸ்டர் எமரென்சியா. வயதில் மாஸ்டரைவிட மிகவும் இளையவர். இலத்தீனில் பாடும் பழைய கோயில் இசையான கிரகோரியன் இசையை மாஸ்டர் அவரிடம்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றார்.

கற்றது தலைக்கேறியது. இருப்பதிலேயே அலங்காரமான இசையைத் தேர்ந்தெடுத்து, பூசைப் பாடல்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இலத்தீனுக்கு மாற்றிவிட்டார். கோயிலின் பின்பக்க மாடியில் நின்று குழு அருமையாகப் பாடியது. கீழே ஜனம் வாயைத் திறக்கவில்லை.

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் சேசடிமை கோயில் பொறுப்பிலிருந்த பங்குத்தந்தையிடம் போனார். "சாமி, நாங்க பூசைக்கு வாறோமா, கச்சேரிக்கு வாறோமா? எங்க பாட்டை எங்களுக்குத் தந்திரும்."

பங்குத்தந்தை மாஸ்டரைக் கூப்பிட்டார். "வர்ற ஞாயிறு மட்டும் பாப்பேன். அன்னைக்கும் ஜனங்க பாடலைன்னா இலத்தீன் பாட்டு இந்தக் கோயில்ல கிடையாது. திருவிழாவுக்கும் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மாஸ்டர் ஆடிப்போனார். பாட்டைத் தவிர அவருக்கு வேறு பெருமை கிடையாது. நேரே மடத்துக்கு ஓடினார்.

"எந்த இசையை எடுக்கட்டும், சிஸ்டர்? இப்ப பாடுறதையா, எளிமையானதையா?"

"ஞாயிறு சொல்றேன். அன்னைக்கு எளிமையான கீரியே பாட்டை மட்டும் நான் பாடுறேன். மத்ததெல்லாம் தமிழ்லயே இருக்கட்டும். உங்க குழு மாடியில நிக்க வேண்டாம். கீழ ஜனங்களுக்கு நடுவுல ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க."

"நானுமா?"

"நீங்களும்தான். பக்கத்துல நிக்கிறவர் பாடுற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"அவங்க பாடவே இல்லைன்னா?"

"நீங்களும் பாடக் கூடாது."

"என் பேரே போயிடும், சிஸ்டர்."

சிஸ்டர் வாசல்வரை வந்து அவரை வழியனுப்பினார்.

ஞாயிறு வந்தது. மாஸ்டருக்கு வாய்த்த பக்கத்து ஆள் சேசடிமை. வேறு யார் வாய்ப்பார்?

"நான் பாடுறதை அப்படியே திருப்பிப் பாடுங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தொடங்கினார். "கீரியே எலேய்சோன்." 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டு அது.

யாரும் பாடவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோரும் திரும்பி மாடியைப் பார்த்தார்கள். மாடி காலியாக இருந்தது.

மாஸ்டருக்குத் தொண்டை அரித்தது. ஒரு வரி பாடினால் போதும், குழு சேர்ந்துகொள்ளும், மானம் தப்பும். பங்குத்தந்தை பீடத்திலிருந்து அவரையே பார்த்தார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் அதே வரியை மறுபடியும் பாடினார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பங்குத்தந்தை அடுத்த செபத்துக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

சேசடிமை மாஸ்டரின் விலாவில் இடித்தார். "என்ன மாஸ்டர், தொண்டை கட்டிப் போச்சா?"

மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. சேசடிமைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கனைத்துக்கொண்டு, கரகரத்த குரலில், தனியாக, அந்த வரியைப் பாடினார்.

பின்னால் ஒரு பெண் சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னும் சிலர். அடுத்த முறை சிஸ்டர் பாடி நிறுத்தியபோது பாதிக் கோயில் திருப்பிப் பாடியது. பங்குத்தந்தை புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். இனி பாடலாம் என்பதையே மறந்து மாஸ்டர் கேட்டுக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்ததும் அவர் சிஸ்டரைத் தேடிப் போனார்.

"ஞாயிறு சொல்றேன்னீங்களே. திருவிழாவுக்கு எந்த இசையை எடுக்கட்டும்?"

"சேசடிமை எப்படிப் பாடினார்?"

"நீங்க எடுத்த சுருதி அவருக்கு எட்டலை. கீழ இறங்கித்தான் பாடினார்."

"அப்புறம்?"

"பாதியில மூச்சு வாங்கினார். நீட்டுற இடத்துல தடுமாறினார். ஆனா கடைசிச் சுரத்துல வந்து நின்னப்ப..." மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அங்க சந்தோஷமா இருந்தார், சிஸ்டர்."

"இதுக்கு முந்தி அவர் பாடிக் கேட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"இப்ப கேட்டுட்டீங்க. இனி நீங்களே தேர்ந்தெடுக்கலாம்."