வெள்ளைச் சாடியின் சுவை

இது மீன்.

எயினியின் மனத்தில் முதலில் எழுந்தது அந்த ஒரு சொல்தான். நாக்கின் நுனிவரை வந்த சொல் அங்கிருந்து திரும்பிப் போய்விட்டது. இந்த அவையில் வேறு எதைச் சொன்னாலும் தப்பித்துக்கொள்ளலாம், இதை மட்டும் சொல்ல முடியாது. வாயில் இருந்ததை விழுங்கினாள். கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள்.

கப்பல்கள் காற்றை நம்பி வந்துபோன முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில் நடந்தது இது. அந்த நாட்டு அரசரின் உணவை முதலில் உண்டு பார்ப்பது எயினியின் வேலை. அவள் உண்டபின் ஒரு நாழிகை உயிரோடு இருந்தால்தான் அரசர் இலையில் கை வைப்பார். அந்த ஒரு நாழிகையைச் சும்மா கழிக்க முடியாமல் அவள் பேசத் தொடங்கினாள். அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் பசி நன்றாக எடுக்கிறது என்று கண்டுகொண்டு, அவையிலும் அவளுக்கு ஓர் இருக்கை போடச் சொன்னார். அது அவைப்புலவர் அரும்பாக்கிழாரின் இருக்கைக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது. அன்றிலிருந்து கிழாருக்குத்தான் பசி எடுக்கவில்லை.

இப்படியிருக்க, யவனக் கப்பல் தலைவன் ஒருவன் அவைக்கு வந்தான். "எங்கள் ஊரில் திராட்சை மதுவை வெறுமனே குடித்துவிட்டுப் போகமாட்டோம். ஒரு வாய் குடித்தால் பத்துச் சுவை சொல்வோம்" என்று பெருமை பேசினான். சிவப்பு மதுவில் ஒரு சாடியும் வெள்ளை மதுவில் ஒரு சாடியும் தன் கப்பலில் அரசருக்காக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அரசருக்கு அது உறுத்தியது.

"ஏன், என் அவையில் யாருக்கும் நாக்கு இல்லையா? நாளை இரண்டு மதுவையும் இங்கே குடிப்போம். அதைக் குடிக்காதவனுக்கும் ஐயமில்லாமல் புரியும்படி சுவையைச் சொல்ல வேண்டும்."

அரும்பாக்கிழார் எழுந்து வணங்கினார். "அரசே, நம்மிடம் நாக்குக்கென்றே ஓர் ஆள் இருக்கிறாளே. எயினி சொல்லட்டும். வழக்கப்படி அவள் முதலில் குடிக்கட்டும். ஆனால் பெரியவர்கள் பேசிய பிறகு பேசட்டும். சரியாகச் சொல்லாவிட்டால் அந்த நாக்கு நமக்கு எதற்கு? என் மைத்துனன் அந்த வேலையைப் பார்ப்பான். நன்றாகச் சாப்பிடுவான்."

"என்ன எயினி, சம்மதமா?" என்றார் அரசர்.

அவள் வாய் திறப்பதற்குள் கிழார் சேர்த்துக்கொண்டார். "ஒன்றே ஒன்று, அரசே. கருவாடு காயும் கரையில் பிறந்தவள். பாலைக் கொடுத்தாலும் மீன் வாடை அடிக்கிறது என்பாள்."

அவை சிரித்தது. அரசரும் சிரித்துவிட்டார். "அப்படிச் சொன்னால் அன்றே வேலை போயிற்று" என்றார்.

மறுநாள் ஏவலர்கள் கப்பலுக்குப் போய், வாயைக் கரிய கீல் பிசின் பூசி மூடிய இரண்டு சாடிகளைத் தூக்கி வந்தார்கள். அவையில் சாம்பிராணிப் புகை மண்டியிருந்தது. சிவப்புச் சாடியை முதலில் திறந்தார்கள். எயினி குடித்தாள், நாழிகை கழிந்தது, பெரியவர்கள் குடித்தார்கள்.

"பகைவரின் குருதி" என்றார் படைத்தலைவர் வேள்மாறன்.

"அந்திவானத்தை ஆண்டு முழுதும் ஊறவைத்த சுவை" என்றார் அரும்பாக்கிழார்.

இவர்கள் கண்ணால் குடித்திருக்கிறார்கள் என்று எயினி நினைத்தாள். தன் முறை வந்ததும் எழுந்தாள். "முதலில் நாவற்பழத்தின் தோல், அரசே. பிறகு கடுக்காயைக் கடித்ததுபோல ஈறு இறுகுகிறது. விழுங்கிய பின் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம் கொஞ்ச நேரம் நிற்கிறது."

"மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள்" என்றார் கிழார்.

அரசர் குடித்தார். ஈறை நாக்கால் தடவிப் பார்த்தார். "கடுக்காய்தான்" என்று முணுமுணுத்தார். கிழாரின் முகம் சுருங்கியது.

பிறகு வெள்ளைச் சாடி வந்தது. அதற்குள் இருந்தது தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. எயினி ஒரு வாய் குடித்தாள். மீன்.

உட்கார்ந்து காத்திருந்த அந்த நாழிகை நீண்டுகொண்டே போனது. மீன் என்று சொன்னால் வேலை போய்விடும், அந்த வேலைக்காகத் தந்திருந்த வீடும் போய்விடும். அதைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நினைக்க முடியாமல் இருந்தது வேறொன்று. ஒருவேளை கிழார் சொன்னது உண்மையாக இருந்தால்? பிறந்த கரை நாக்கை விட்டுப் போகவே போகாதோ? பன்னிரண்டு ஆண்டுகளாக எதைத் தின்றாலும் தன் நாக்கை நம்பித்தான் அவள் உயிர் வாழ்ந்திருந்தாள். இன்று முதல்முறையாக அதன்மேல் ஐயம் வந்தது.

கிண்ணங்கள் பெரியவர்களுக்குப் போயின. எயினி அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். வேள்மாறனின் மூக்கு ஒருகணம் சுளித்தது, உடனே நேரானது. அவர் பக்கத்தில் இருந்த கிழாரைப் பார்த்தார். கிழார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணின் ஓரத்தில் நீர் கோத்திருந்தது. வேள்மாறனும் தலையை ஆட்டினார்.

"அருமை" என்றார் படைத்தலைவர் கரகரத்த குரலில். "ஆழம்."

"நிலவில் குளித்த முத்து, அரசே" என்றார் அரும்பாக்கிழார். "பண்பட்ட நாவுக்கு மட்டுமே விளங்கும் மென்மை. இன்னும் ஒரு கிண்ணம் கிடைத்தால் ஒரு பாட்டே முடித்துவிடுவேன்."

இரண்டாவது கிண்ணத்தையும் குடித்தார். எயினிக்கு அவர்மேல் ஒருகணம் இரக்கம் வந்தது.

"இனி நீ சொல்" என்றார் அரசர்.

எயினி வணங்கினாள். "அரசே, குடிக்காதவனுக்கும் ஐயமில்லாமல் புரிய வேண்டும் என்பதுதானே தங்கள் கட்டளை? இங்கே எல்லாரும் குடித்திருக்கிறார்கள், அல்லது கிழாரின் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் செய்யாத ஒருவரை அழைத்துவர அனுமதி வேண்டும்."

"அழைத்து வா."

அவள் மடைப்பள்ளிக்குப் போய், சாம்பல் நிறப் பூனை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தட்டுகளைத் தரையில் வைத்தாள். ஒன்றில் சிவப்பு, மற்றதில் வெள்ளை.

"அவையில் பூனையா? இதற்கு மதுவைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் கிழார்.

"ஒன்றும் தெரியாது, ஐயா. தாங்கள் பெரிய புலவர் என்றும் தெரியாது."

பூனை சிவப்புத் தட்டை மோந்தது. தும்மியது. ஈரத்தில் மிதித்துவிட்டதுபோல முன்காலை உதறிக்கொண்டு விலகியது. வெள்ளைத் தட்டை மோந்தது. அப்புறம் அது தலையைத் தூக்கவேயில்லை. தட்டு காய்ந்த பிறகு நேராக நடந்துபோய், அரும்பாக்கிழாரின் மடியில் ஏறி, அவருடைய மீசையை நக்கத் தொடங்கியது.

அரசர் இருக்கையை விட்டு இறங்கிவந்து சாடியை மோந்து பார்த்தார்.

"எயினி, இது..."

"நான் ஒன்றும் சொல்லவில்லை, அரசே. நான் கருவாட்டுக் கரையில் பிறந்தவள். இந்தப் பூனை அரண்மனையில் பிறந்தது. இது கடலையே பார்த்ததில்லை."

அந்த நேரத்தில் யவனத் தலைவன் ஒரு சாடியைத் தோளில் சுமந்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தான். "மன்னிக்கணும், அரசே. சாடி மாறிப்போச்சு. உங்க ஆளுங்க தூக்கிவந்தது எங்க சமையல் சாடி. மீனை உப்பில் போட்டு, வெயிலில் வைத்து, வடித்த சாறு. குழம்பில் இரண்டு துளி விடுவோம். சமையல்காரன் அங்கே அழறான்."

"இரண்டு துளியா?" என்றார் அரசர். "எங்கள் கிழார் இரண்டு கிண்ணம் குடித்தார்."

யவனன் கிழாரைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையில் உண்மையான மரியாதை இருந்தது.

அரசர் சிரித்த சிரிப்பில் மணிமுடி நழுவிக் காதில் தொங்கியது. வேள்மாறனும் சிரித்தார், நிம்மதியாக மூக்கைத் துடைத்துக்கொண்டு. கடைசியில் கிழாரும் வேறு வழியில்லாமல் பூனைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி எயினியிடம் தந்தார். "இந்த வேலை உன் ஆயுள் உள்ளவரை உனக்குத்தான். கிழாரின் மைத்துனன் அவர் வீட்டிலேயே சாப்பிடட்டும்" என்றார்.

பிறகு உண்மையான வெள்ளை மதுவின் சாடியைத் திறந்தார்கள். வழக்கப்படி எயினி முதலில் குடித்தாள்.

மாங்காய்க் காம்பை ஒடித்ததும் வரும் வாசம். அதன் பின்னால் ஒரு புளிப்பு, கூச வைக்காத புளிப்பு. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் எங்கிருந்தோ வருமே, அந்த இனிப்பு. முடிவில், முதல் தூறல் விழுந்த பாறையின் குளிர்ச்சி. மீன் எங்கும் இல்லை. அவளுடைய நாக்கு அவளிடமே திரும்பி வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குளிர்ச்சி போகும்வரை இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது அவை முழுவதும் அவளை நோக்கிச் சாய்ந்திருந்தது. வேள்மாறன் காதருகே கையைக் குவித்திருந்தார். கிழார் ஓலையும் எழுத்தாணியுமாகத் தயாராக இருந்தார். அவள் என்ன சொன்னாலும் இன்று மாலைக்குள் இவர்கள் எல்லாருடைய நாக்கிலும் அதுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அரசரின் நாக்கிலும்.

"சொல், எயினி" என்றார் அரசர் ஆவலோடு. "இனி உன் சொல்தான் எனக்குச் சுவை."

"நாழிகை முடிந்ததும் தாங்களே குடித்துப் பாருங்கள், அரசே. நான் சொல்லமாட்டேன்."

"கேட்பது அரசன்."

"தெரியும், அரசே" என்றாள் அவள் மெல்ல. கிண்ணத்தைத் துடைத்து, நிரப்பி, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.