மருதாணிக்கு ஒரு முகவலை

மலைமேல் இருந்த அந்த மடத்தின் தலைவி மங்களநாயகிக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பரஞ்சோதிக்கு அறுபத்து மூன்று. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் சின்னவர் முன்னால் கைகட்டி உட்காருவதில் அவருக்குக் கூச்சமே இல்லை. மடத்தில் அவருக்கு இருந்த ஒரே குறை, சமையல்காரர் சிங்காரம்.

வந்த முதல் நாள் பந்தியில் பரஞ்சோதி இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

"சார், இந்த ஸ்டேஷன்ல பாயசம் ஒரு தடவைதான் நிக்கும்" என்றார் சிங்காரம்.

பந்தியே சிரித்தது. சொன்ன கையோடு சிங்காரம் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போவதற்குள் அதை மறந்தும் போனார். பரஞ்சோதி பாயசத்தை மறந்தார். பேச்சை மறக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் அவர் தலைவியிடம் வந்தார்.

"அம்மா, மேலே இருக்கிற குகையில நாற்பத்தெட்டு நாள் தனியா இருக்கணும். நீங்க உத்தரவு கொடுக்கணும்."

"எதுக்குங்க ஐயா?"

"இங்கே மனசு நிக்க மாட்டேங்குது. கண்ணை மூடினா சிங்காரம் பேச்சு. இல்லேன்னா அவர் சிரிப்பு. குகைக்குக் கதவு இருக்கு. சாத்திக்கிட்டா ஒருத்தரும் உள்ளே வர முடியாது." அவர் கைகூப்பினார். "நாற்பது வருஷம் ரயில் சத்தத்துல இருந்தவன் நான். கொஞ்சம் அமைதிக்குத்தான் வீட்டை விட்டு வந்தேன். இங்கேயும் அது கிடைக்கலேன்னா நான் வேற எங்கே போவேன்?"

தலைவி அவரைப் பரிவோடு பார்த்தார்.

"குகை எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல நம்ம மருதாணிக்கு ஈ மொய்க்காம ஒரு முகவலை பார்த்துக் கட்டுங்க. அது ஒரு காலைப் பொழுது நிம்மதியா நின்னுச்சுன்னா, நீங்க குகைக்குப் போகலாம்."

மருதாணி மடத்தின் குதிரை. அடிவாரத்திலிருந்து அரிசியும் பருப்பும் சுமந்து வருவது அதுதான். பலாப்பழக் காலம் அது. மலை முழுக்க ஈ. மருதாணியின் இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. இப்படியே ஈ மொய்த்தால் அந்தக் கண் போய்விடும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பரஞ்சோதி அன்றே அடிவாரத்துக்கு இறங்கினார். கெட்டியான கறுப்புத் துணியில் தைத்த ஒரு முகமூடியோடு திரும்பினார்.

"இதுக்குள்ளே ஈ என்ன, காற்றுகூட நுழையாது" என்று அதைக் கட்டினார். மருதாணி ஓரடி எடுத்து வைத்துத் தூணில் முட்டிக்கொண்டது. பிறகு நகரவே இல்லை.

"நீங்க கொஞ்சம் கட்டிப் பாருங்களேன்" என்றார் தலைவி.

குருவின் சொல்லாயிற்றே, பரஞ்சோதி கட்டிக்கொண்டார். நாலே எட்டில் துளசி மாடத்தில் இடித்துக்கொண்டார்.

"ஈ வரக்கூடாதுதான். அதுக்காக வெளிச்சமும் வரக்கூடாதா?" என்று சிரித்தார் தலைவி.

மறுநாள் பரஞ்சோதி பழைய கொசுவலையை வெட்டித் தைத்துக் கட்டினார். வெளிச்சம் வந்தது. ஆனால் வலை தொளதொளவென்று தொங்கி இமை மயிரில் உரசியது. மருதாணி வேப்பமரத்தில் முகத்தைத் தேய்த்தது. அத்தோடு கொசுவலையின் ஆயுசு முடிந்தது.

மூன்றாம் நாள் அவர் அடிவாரத்துக் குதிரைக்காரர்களிடமே போய்க் கேட்டார். கண்ணைத் தொடாமல் குமிழ் மாதிரி எழும்பி நிற்கும் விறைப்பான வலை ஒன்றை அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும்படி கட்ட வேண்டும், அதற்கு மேல் இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது என்றார்கள். நாலாம் நாள் காலை பரஞ்சோதி அப்படியே கட்டினார். இரண்டு விரலை விட்டும் பார்த்தார். குகையின் சாவி கைக்கு வந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

மருதாணி தலையை ஆட்டியது. முன்னங்காலால் தரையை அறைந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே அடுக்களைப் பக்கம் ஓடி, மோர்ப்பானையைக் கவிழ்த்தது.

"விடுங்க சார், இன்னைக்கு மோர் தரைக்கு" என்றபடி சிங்காரம் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

பரஞ்சோதி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, பார்த்தீங்களா? வலையில ஒரு குறையும் இல்லை. இந்தச் சிங்காரம் போட்ட சத்தத்துலதான் குதிரை மிரண்டுடுச்சு."

"அது மிரண்டு ஓடினதுக்கு அப்புறம்தானே சார் நான் வாயைத் திறந்தேன்?" என்றார் சிங்காரம்.

தலைவி கிட்டே வந்தார். மருதாணியின் கழுத்தைத் தடவிக்கொடுத்து முகவலையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஓர் ஈ பறந்து போனது.

பரஞ்சோதி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல வலைதாங்க ஐயா" என்றார் தலைவி. "வெளியே இருக்கிறது உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிறது வெளியே போக முடியாது."

"கட்டுறதுக்கு முன்னாடி உள்ளே பார்க்காம விட்டுட்டேன்" என்றார் பரஞ்சோதி.

சிங்காரம் தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து நீட்டினார். தலைவி மருதாணியின் கண்களைப் பூப்போல் துடைத்தார். வலையை உதறி, உள்ளும் புறமும் பார்த்துக் கட்டினார். மருதாணி ஒரு பெருமூச்சு விட்டுப் புல்லில் வாய் வைத்தது. ஈக்கள் வலைமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பலாமரத்துக்கே திரும்பிப் போயின.

"இனிமே இதைக் கழற்ற வேண்டியதே இல்லையாம்மா?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"பொழுது சாயும்போது கழற்றிடுங்க. ஈயும் தூங்கப் போயிடும். மருதாணிக்கும் முகத்துல காற்றுப் படணுமில்லே?"

உச்சிப்பொழுது வரை மருதாணி அமைதியாக மேய்ந்தது. தலைவி சொன்ன சொல் தவறாமல் குகைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கே போறேன் அம்மா."

"சந்தோஷமாப் போங்க. தினம் ஒரு வேளை சாப்பாடு மேலே அனுப்பிடுவோம். எத்தனை பேருக்கு அனுப்பட்டும்?"

"எத்தனை பேருக்கா? நான் ஒருத்தன்தானே அம்மா போறேன்."

அடுக்களையில் சிங்காரம் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தலைவி அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்போ சிங்காரத்துக்கு வேண்டாமா?" என்று கேட்டார்.